தேர்வு வயலும் கடைமடை வயலும்

(திருவாரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைச் செய்திகள் சில இங்கே குறைக்கப்பட்டுள்ளன.)



திருவாரூரில் நெல்லைப் பற்றிப் பேசுவது பொறுப்பு மிகுந்த வேலை. எப்படிப் பயிர் செய்ய வேண்டும் என்று உழவர்களாகிய உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை. நான் பயிர்ப்பெருக்கத் துறையைச் சேர்ந்தவன். எங்கள் துறை உங்களுக்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை உங்கள் முன்னிலையிலேயே சொல்ல வந்திருக்கிறேன். அதைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான் சொல்லப்போகும் கருத்து ஒன்றே. ஒரு நெல் ரகம் எந்த வயலில் தேர்ந்தெடுக்கப்படுகிறதோ, அந்த வயலுக்கே அது முழுமையாகப் பொருந்தும். நம் காவிரி டெல்டாவுக்கென்று வெளிவந்த ரகங்களில் பெரும்பாலானவை நாற்று விட்டு, சேறாக்கி, நட்டு, தண்ணீர் கட்டிய வயலில் தேர்வானவை. பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையிலோ இன்று புழுதியில் விதைக்கிறோம். விதைக்கும் முறை மாறிவிட்டது, விதையைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறவில்லை. இந்த இடைவெளியை எப்படி மூடுவது என்பதை ஏழு கூறுகளாகப் பார்ப்போம்.

1. நடவு வயல் உருவாக்கிய நெல்

தமிழகத்தில் நெல் ஆராய்ச்சிக்கு நூறாண்டைக் கடந்த வரலாறு உண்டு. கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. அங்கிருந்து 1921இல் வந்த ஜிஇபி 24 என்ற ரகத்தின் வழித்தோன்றல்கள் உலகின் பல நாடுகளிலும் பரவின. ஆடுதுறை நிலையம் 1922இல் தோன்றியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது என்ற ஒழுங்கும் வந்தது. குறுவை, சம்பா, தாளடி என்ற நம் பருவங்கள் அந்த ஒழுங்கோடு இறுகப் பிணைந்தன. 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தபோது, சப்பானிய நெல்லையும் ஜிஇபி 24ஐயும் கலந்து பிறந்த ஆடுதுறை 27 வயலுக்கு வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐஆர் 8 வந்தது.

இந்த ரகங்கள் நம்மைப் பசியிலிருந்து மீட்டன. அவற்றை உருவாக்கியவர்களை வணங்கித்தான் மேலே பேசுகிறேன். ஆனால் நடவு முறை நெற்பயிருக்கு என்னென்ன உதவி செய்கிறது என்பதைக் கவனியுங்கள். களை முளைக்கும் நாளில் நாற்றுக்கு ஏற்கெனவே மூன்று, நான்கு வார வயது. தேங்கி நிற்கும் தண்ணீர் களையை அடக்குகிறது, மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேருக்குக் கிடைக்கும் நிலையில் வைக்கிறது. விதை ஆழத்திலிருந்து மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வர வேண்டிய தேவையே இல்லை.

இத்தனை உதவியும் கிடைக்கும் வயலில், தன் முயற்சியால் முளைத்தெழும் செடிக்கும் அப்படி எழ முடியாத செடிக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு தெரியாத குணத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுக்காத குணம் தலைமுறைக்குத் தலைமுறை கைநழுவிப் போகும். யாரும் வேண்டுமென்று அதைக் கைவிடவில்லை, வயல் அதைக் கேட்கவில்லை.

2. தண்ணீரின் தேதி மாறியது

2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க இயலவில்லை. 2016இல் செப்டம்பர் 20இலும் 2017இல் அக்டோபர் 2இலும்தான் திறந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. அடுத்த ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சி என்று வரையறுத்தது. 2023இல் ஜூன் 12இல் திறந்த அணை அக்டோபரிலேயே மூடப்பட்டது. 2024இல் ஜூலை இறுதியில்தான் திறந்தது. குறித்த நாளில் திறந்த ஆண்டுகளும் இடையே உண்டு. எந்த ஆண்டு எப்படி அமையும் என்று முன்கூட்டித் தெரியாததே உழவரின் சிக்கல்.

அணை திறந்த தண்ணீர் கல்லணை கடந்து, வெண்ணாறு வழியாகக் கோரையாறும் பாமணியாறும் முள்ளியாறும் சுற்றி, முறை வைத்துக் கடைமடைக்கு வந்து சேர மேலும் நாள்கள் ஆகும். திருத்துறைப்பூண்டி, கோட்டூர், முத்துப்பேட்டைப் பக்கம் உழவர்கள் இதற்காகக் காத்திருப்பதில்லை. கோடை மழையில் உழுது புழுதியாக்கி, ஆவணி, புரட்டாசியில் உலர் விதையைத் தெளித்துவிடுகிறார்கள், அல்லது கருவி கொண்டு வரிசையில் விதைக்கிறார்கள். மழையோ வாய்க்கால் தண்ணீரோ எது முதலில் வருகிறதோ அதில் பயிர் எழும். நாற்றங்கால் செலவும் நடவாள் கூலியும் இல்லை. சேறடிக்கும் தண்ணீர் மிச்சம். நாற்றைப் பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் பயிர் ஏழு, பத்து நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும்.

நட முடியாதவர்களின் கடைசி வழி என்று புழுதி விதைப்பைக் குறைத்துப் பேசும் வழக்கம் எங்கள் துறையில் இருந்தது. அது தவறு. தண்ணீரின் நிச்சயமின்மைக்கு உழவர் கண்டுவைத்த திட்டமிட்ட விடை அது. அந்த விடைக்கு ஏற்ற விதையை நாங்கள் இன்னும் போதுமான அளவு தரவில்லை.

3. ஒரே பருவத்தில் மூன்று சோதனைகள்

டெல்டாவின் கடைமடையில் புழுதியில் விதைத்த சம்பா ஒரே பருவத்தில் மூன்று சோதனைகளைக் கடக்கிறது.

முதலாவது, முளைப்பு. மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் விழுந்த விதை வெளியே வர, விதைக்கும் முளைக்குருத்துக்கும் நடுவிலுள்ள இடைத்தண்டு நீள வேண்டும். இன்றைய குட்டை ரகங்கள் பலவற்றில் அது குறுகியே இருக்கிறது. ஒரு மழை பெய்து, விதை முளைவிட்டு, பிறகு இரண்டு வாரம் வானம் காய்ந்தால், நம் களிமண் மேலே இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. பிழைத்த பயிர் களையோடு ஒரே நாளில் பந்தயத்தைத் தொடங்குகிறது. முதல் மூன்று வாரத்தில் இலை விரித்து நிலத்தை மூடும் பயிர்தான் வெல்லும்.

இரண்டாவது, வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வடிகால் தாழ்ந்த வயல்களில் பயிர் நாள்கணக்கில் மூழ்கும். தாமதமாக விதைத்திருந்தால், விதையே தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் முளைக்க வேண்டும்.

மூன்றாவது, கதிர்ப்பருவ வறட்சி. மழை மார்கழிக்கு முன்பே விலகி, அணையிலும் தண்ணீர் இல்லையென்றால், தொண்டைக்கதிர்ப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நிலம் காயும். மகரந்தம் உருவாகும் அந்தச் சில நாளில் ஈரம் குறைந்தால் பூ கருத்தரிக்காது. கதிர் உறையைவிட்டு முழுதாக வெளிவராது. வயல் பச்சையாகவே இருக்கும், அறுத்தால் பதர்.

இராமநாதபுரத்தின் மானாவாரிக்கும், கிழக்கு இந்தியாவின் மேட்டு நிலத்துக்கும் வறட்சியே தலையாய பகை. இங்கே முன்னும் பின்னும் வறட்சி, நடுவில் வெள்ளம். எனவே ‘வறட்சி ரகம்’ என்று முத்திரை பதித்த எதையும் அப்படியே கொண்டுவந்து இங்கே விதைத்துவிட முடியாது.

4. வறட்சியில் தேர்ந்தெடுத்தபோது தெரிந்தவை

இத்தனை குணங்களும் ஒரே செடியில் சேருமா? சேரும் என்பதற்குக் கடந்த இருபது ஆண்டு அறிவியல் நல்ல சான்று தருகிறது.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்த எஃப்ஆர் 13ஏ என்ற வகை இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான சப் 1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்த சுவர்ணா சப் 1 என்ற ரகம் 2009இல் இந்தியாவில் வெளிவந்தது. பிறகு நம் டெல்டா நன்கறிந்த சிஆர் 1009 ரகத்திலும் அதே மரபணு சேர்க்கப்பட்டது. இந்த மரபணு உள்ள பயிர் வெள்ளத்தில் நீண்டு வளர முயன்று தன் மாவுச்சத்தைத் தீர்த்துக்கொள்வதில்லை, அடங்கிக் கிடந்து தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது. தண்ணீருக்கடியில் முளைக்கும் விதைக்கோ இதற்கு நேர் எதிரான குணம் வேண்டும், அது நீண்டு மேலே வந்தாக வேண்டும். மியான்மரின் காவ் லான் ஆன் என்ற நாட்டு நெல்லில் அதற்கான மரபணு 2015இல் கண்டறியப்பட்டது. முளைக்கும்போது நீள்வதும் வளர்ந்தபின் அடங்குவதும் பயிரின் வெவ்வேறு வயதில் வேலை செய்வதால் இரண்டையும் ஒரே ரகத்தில் இணைக்க முடிகிறது.

வறட்சியின் கதை என் கருத்துக்கு இன்னும் நெருக்கமானது. பல பத்தாண்டுகள் நாங்கள் வறட்சித் தாங்குதிறனை இலை சுருள்வதை வைத்தும், வேரின் நீளத்தை வைத்தும், செல் சாற்றின் செறிவை வைத்தும் அளந்தோம். காய்ந்த வயலின் விளைச்சலையே பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம்பத்தக்கதல்ல என்ற எண்ணம் நிலவியது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேரி அட்லின், அரவிந்த் குமார் முதலியோர் அந்த எண்ணத்தைச் சோதித்தனர். ஒரே வரிசைகளைப் பாசன வயலிலும், வேண்டுமென்றே காயவிட்ட வயலிலும் பயிரிட்டு, இரண்டிலும் மணி நெல்லை எடைபோட்டுத் தேர்ந்தார்கள். அந்த வழியில் பலன் கிடைத்தது. ஹசாரிபாக் நிலையத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘சகபாகி தான்’ என்ற ரகம் 2009-10இல் வெளிவந்தது. ஐஆர் 64இல் வறட்சி தாங்கும் இரண்டு மரபுப் பகுதிகளைச் சேர்த்த ‘டிஆர்ஆர் தான் 42’ பின்னர் 2014இல் வந்தது.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமானது 12ஆம் குரோமோசோமில் கண்ட ஒரு பகுதி. வந்தனா என்ற மேட்டுநில ரகத்தையும் வே ரேரம் என்ற இந்தோனேசிய ரகத்தையும் கலந்த சந்ததியில், கடும் வறட்சியிலும் விளைச்சலைக் காக்கும் மரபுப்பகுதி வெளிப்பட்டது. அது வறட்சி தாங்கும் வந்தனாவிலிருந்து வரவில்லை, வறட்சிக்குத் தளரும் வே ரேரத்திலிருந்து வந்தது. பெற்றோரைப் பார்த்து எவரும் இதைக் கணித்திருக்க முடியாது. சந்ததியைக் காய்ந்த வயலில் விதைத்து, அறுத்து, எடைபோட்டதால்தான் தெரிந்தது. தேர்வு வயலின் அதிகாரம் இவ்வளவு பெரியது.

5. பரமக்குடியிலிருந்து கற்க வேண்டியது

தமிழகத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் மானாவாரியில், புழுதி விதைப்பில் நெல்லைத் தேர்ந்து வந்திருக்கிறது. பிஎம்கே 3, 2009இல் வந்த அண்ணா 4 ஆகியவை அங்கிருந்து வந்தவை. இராமநாதபுரத்து நொறுங்கனும், நூற்றிப்பத்து போன்ற தென்மாவட்ட நாட்டு நெல்லும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறட்சி ஆய்வுகளில் தொடர்ந்து பயன்படுகின்றன.

அந்த ரகங்களையே இங்கே விதைக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணா 4இன் வயது 100, 105 நாள். ஆவணி இறுதியில் விதைத்தால் அது கார்த்திகை அடைமழையில் பூத்து, ஈரத்தில் அறுவடைக்கு நிற்கும். கடைமடைக்கு வேண்டியது 130 முதல் 140 நாள் வயதுள்ள பயிர். பரமக்குடியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் தேர்வு முறையே. அங்கே பொருந்தும் விதை அங்கேயே தேர்வானது போல, இங்கே பொருந்துவது இங்கேயே தேர்வாக வேண்டும்.

இங்கே தேர்வானவை முன்பே இருந்தன. நம் பழைய சம்பா நெற்கள் பல பகற்பொழுதின் நீளத்தை உணர்பவை. முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பொழுது குறுகும் காலத்தில்தான் கதிர் வாங்கும். விதைப்பு நாள் வானத்தின் கையில் இருக்கும் ஊருக்கு இது பெரிய வரம். மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் பூக்கும் நாள் பெரிதாக மாறாது. வயதைக் குறைத்து ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கும் முனைப்பில் இந்த உணர்வைப் புதிய ரகங்களிலிருந்து நீக்கினோம். பாசனம் உறுதியாக இருந்த காலத்துக்கு அது சரி. புழுதி விதைப்புச் சம்பாவுக்கு அந்த உணர்வை அளவோடு திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நாட்டு நெல் நம் கைக்குக் கிடைக்கிறதென்றால், அதற்கு இந்த மாவட்டத்தில் உழைத்தவர்கள் காரணம். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதைகளை உழவர் கையிலிருந்து உழவர் கைக்கு மாற்றிப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். நாட்டு நெல் உயரமானது, காற்றில் சாயும், விளைச்சல் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். ஆயினும் அது பல தலைமுறை உழவர்கள் இதே மண்ணில் விதைத்துத் தேர்ந்தெடுத்தது. பெற்றோராகப் பயன்படுத்த அதைவிடச் சிறந்ததை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

6. தாங்குதிறன் மட்டும் போதாது

வறட்சி ஆண்டில் ஏக்கருக்குச் சில மூட்டை கூடுதலாகத் தந்து, நல்ல ஆண்டில் பத்து மூட்டை குறைத்துத் தரும் ரகத்தை எந்த உழவரும் ஏற்க மாட்டார். ஏற்கச் சொல்வதும் முறையல்ல. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு ஒரு விலை, பொது ரகத்துக்கு ஒரு விலை. அரிசியின் தோற்றமும் அரவைத் தேர்ச்சியும் இல்லாமல் எந்த ரகமும் நிலைக்காது. மேலாகத் தெளித்த விதையின் வேர் ஆழம் குறைவென்பதால் சாயாத தண்டு வேண்டும், இல்லையேல் அறுவடை இயந்திரம் இறங்கும்போது நெல் தரையில் கிடக்கும். தை மாதத்தில் நெல் தரிசில் உளுந்து, பயறு தெளிக்கும் வழக்கம் நம் வருமானத்தின் ஒரு தூண். அதற்கு வேண்டிய மண் ஈரம் தீருமுன் சம்பா வயலைவிட்டு வெளியேற வேண்டும்.

வேரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வேர் நேராக ஆழமாக இறங்கச் செய்யும் டிஆர்ஓ 1 என்ற மரபணு 2013இல் அறியப்பட்டது. ஐஆர் 64இல் அதைச் சேர்த்தபோது வறட்சியில் விளைச்சல் காக்கப்பட்டது. முத்துப்பேட்டைப் பக்கம் கடல்நீர் ஊடுருவி நிலத்தடி நீர் உவர்ந்த வயல்களில் ஆழமான வேர் ஈரத்தை எட்டுமா, உப்பை எட்டுமா என்பதை அங்கே விதைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

களைக்கு விடையாகக் களைக்கொல்லி தாங்கும் ரகங்கள் வருகின்றன. வடக்கே நேரடி விதைப்புக்கென்று பூசா பாசுமதி 1979, 1985 ஆகியவை 2024இல் உழவருக்குக் கிடைக்கத் தொடங்கின. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் களைகளும் அதைத் தாங்கப் பழகும். களைநெல் பயிரோடு கலந்து அதே குணத்தைப் பெற்றுவிடவும் கூடும். ஆகவே தொடக்க வீரியத்தால் களையை முந்தும் பயிரைத் தேர்வதே முதல் வேலை, மருந்து அதற்குத் துணையாக நிற்கட்டும். 2025 மே மாதத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் பூசா டிஎஸ்டி ரைஸ் 1, வறட்சியும் உவரும் தாங்கும் நோக்கில் எம்டியு 1010 என்ற ரகத்தில் உருவானது. புதிய கருவிகளை நான் வரவேற்கிறேன். எந்தக் கருவியால் வந்த நெல்லும் கடைமடைப் புழுதியில் தேறித்தான் இங்கே ரகமாக வேண்டும்.

7. செய்ய வேண்டியவை

ஒரு ஒட்டின் இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிற்கும். அவற்றுள் சில நூற்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம். விட்டது விட்டதுதான். கடைசியில் எஞ்சிய நாலைந்து வரிசைகளை மட்டும் நேரடி விதைப்பில் சோதிப்பதால் பெரிய பயன் இல்லை, நமக்கு வேண்டிய செடி எப்போதோ நடவு வயலில் கழிக்கப்பட்டிருக்கும். எனவே என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, நான்காம் தலைமுறையிலிருந்தாவது தேர்வு புழுதி விதைப்பில் நடக்க வேண்டும். ஆடுதுறை நிலையமும் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையமும் சேர்ந்து, திருத்துறைப்பூண்டி, கோட்டூர், முத்துப்பேட்டை வயல்களில் நிலையான தேர்வுத் திடல்களை அமைக்க வேண்டும். அங்கே விதைப்பு நாளை உழவரே குறிக்கட்டும். அருகிலேயே பாசனமுள்ள இணைத் திடல் ஒன்றும் இருக்கட்டும், நல்ல ஆண்டின் விளைச்சலும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, காய்ந்து போன திடலையும் மூழ்கிப் போன திடலையும் ‘சோதனை கெட்டது’ என்று கணக்கிலிருந்து தள்ளக் கூடாது. நாம் தேடும் தகவல் அங்கேதான் இருக்கிறது. அதையும் அறுத்து எடைபோட வேண்டும்.

மூன்றாவது, பயிர் நிற்கும்போதே உழவர்களை, குறிப்பாகக் களையெடுக்கும் பெண்களை, திடலுக்கு அழைத்து மதிப்பெண் இடச் சொல்ல வேண்டும். எந்த வரிசையில் களை அடங்கியது என்பதைக் குனிந்து வேலை செய்பவரே முதலில் அறிவார்.

நான்காவது, ரகத்தை வெளியிடும்போது நடவில் எவ்வளவு, புழுதி விதைப்பில் எவ்வளவு என்று இரண்டு விளைச்சலையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். விதை வாங்கும் உழவர் அந்த இரண்டாம் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பவர் பெருகினால் எண்ணைத் தருபவரும் பெருகுவர்.

ஒட்டுக் கட்டியதிலிருந்து ரகம் வெளிவர ஏறத்தாழ பத்து ஆண்டு ஆகும். இந்தச் சம்பாவில் கட்டும் ஒட்டு 2030களின் நடுவில்தான் உங்கள் வயலுக்கு வரும். அன்று மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. அந்த நெல் எந்த மண்ணில் முளைத்துத் தேர்வானது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. எங்கள் நிலையங்கள் கடைமடைக்கு வரட்டும். வரும்போது ஒரு துண்டு நிலம் கொடுத்து, எங்களோடு நின்று தேர்ந்தெடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.